அசைவை எண்ணினார்கள், ஆடியவளை விட்டுவிட்டார்கள்

பரதநாட்டியம் படிக்கும் பெண்ணிடம் எழுத்துத் தேர்வில் கேட்கப்படும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். தலையசைவு எத்தனை? 9. பார்வை எத்தனை? 8. கழுத்தசைவு? 4. ஒற்றைக்கை முத்திரை? 28. சுலோகத்தைப் பிழையில்லாமல் எழுதினால் முழு மதிப்பெண் உண்டு. இந்த அசைவுகள் யாருடைய உடம்பில் குடியிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தன, அவளுக்கு என்ன கொடுத்தார்கள், ஆடி ஆடி அவள் முழங்கால் என்ன ஆயிற்று என்று எந்த வினாத்தாளும் கேட்டு நான் பார்த்ததில்லை. 'உடலசைவுக் கோட்பாடு' என்ற பெயரில் நமக்குச் சொல்லித்தரப்படுவது, பெரும்பாலும், அசைவிலிருந்து பெண்ணைக் கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணும் கணக்கு. அந்தக் கணக்கோடுதான் எனக்குச் சண்டை. அதற்கான சான்றைத் தேடி எங்கேயும் போக வேண்டாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போனால் போதும்.

கோயிலின் கருவறையைச் சுற்றி, மேல்தளத்தின் உள்சுற்றில் கரணச் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நாட்டிய சாத்திரத்தின் நான்காம் அத்தியாயம் சொல்லும் 108 கரணங்களில் 81 செதுக்கப்பட்டுள்ளன. 27 பலகைகள் வெறுமையாக நிற்கின்றன. பொதுமக்கள் சாதாரணமாகப் போக முடியாத இடம் அது. அங்கே ஆடுவது நான்கு கைகளுடைய சிவன். அதே கோயிலின் வெளிச்சுவருக்கு வாருங்கள். ராஜராஜனின் 29ஆம் ஆட்சியாண்டை, அதாவது 1014ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று 400 பெண்களைப் பெயர் பெயராகக் குறிப்பிடுகிறது. 'தளிச்சேரிப் பெண்டுகள்' என்பது அவர்களுக்குக் கல்வெட்டு தரும் பெயர். எந்தத் தெருவில், எந்தச் சிறகில், எத்தனையாவது வீடு, திருவாரூர், திருவையாறு என்று எந்த ஊர்க் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டவள், எல்லாம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த உறவு அந்தப் பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். அந்த உறவுக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தகுதி என்ற ஒன்றை அவர்கள் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அந்தப் பெயர்களில் 'நக்கன் எடுத்தபாதம்' என்று ஒரு பெயர். தூக்கிய திருவடியின் பெயரைச் சுமந்த ஒரு பெண் இந்தத் தெருக்களில் நடந்திருக்கிறாள்.

ஆக, ஒரே கோயிலில் உள்ளே அசைவு, வெளியே பெண். அசைவுக்குக் கடவுளின் உடம்பு. பெண்ணுக்குப் பெயரும் வீட்டு எண்ணும் நெல்லும். நம் நாட்டிய ஆய்வு எந்தச் சுவரைப் படித்து வளர்ந்தது? உள்சுவரை. வெளிச்சுவரை வரலாற்றுத் துறைக்கு விட்டுவிட்டது. சிதம்பரத்தில் கதை வேறு மாதிரி. அங்கே கோபுர வாசல்களில் கரணங்களை ஆடுவது பெண் உருவங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் பக்கத்தில் சுலோகமும் வெட்டியிருக்கிறார்கள். உடம்பு இருக்கிறது, இலக்கணம் இருக்கிறது, பெயர் இல்லை.

பத்மா சுப்ரமண்யம் இந்தச் சிற்பங்களை ஆராய்ந்து, கரணம் என்பது உறைந்த நிலை கிடையாது, ஓடும் அசைவு, சிற்பி பிடித்தது அதில் ஒரு கணத்தை மட்டும் என்று வாதிட்டார். அது பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் அந்த வழியில் போகிறவர்கள் நூலையும் கல்லையும் சான்றாக வைத்துக்கொண்டு உயிருள்ள உடம்பை அதன் பிறகு கொண்டுவந்து பொருத்துகிறார்கள். மரபாக ஆடிய பெண்ணின் உடம்பு அங்கே சாட்சிக் கூண்டில்கூட ஏற்றப்படுவதில்லை. அவள் ஆடியது நூலோடு ஒத்துப்போனால் 'மரபின் எச்சம்', ஒத்துப்போகாவிட்டால் 'சிதைவு'. நூலைத் தவிர வேறு எதையும் நம்பாத ஆய்வு முறை, எழுதும் உரிமை யாருக்கு இருந்ததோ அவர்களையே மறுபடி நம்புகிறது.

அந்த நூலையாவது முழுதாகப் படித்தோமா? நாட்டிய சாத்திரம் மார்புக்கு 5 அசைவுகள் சொல்கிறது. இடுப்புக்கு 5, விலாப்பக்கத்துக்கு 5, வயிற்றுக்கு 3. நம் வகுப்பறைகளில் பாடநூலாக அமர்ந்திருப்பது நந்திகேசுவரரின் அபிநய தர்ப்பணம். ஆனந்த குமாரசுவாமி 1917இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகு அதன் புகழ் பரவியது. அது தலை, கை, மார்பு, பக்கம், இடுப்பு, கால் என்று ஆறு அங்கங்களைப் பட்டியலிடுகிறது. பிறகு தலையையும் கண்ணையும் கழுத்தையும் கையையும் காலையும் விரித்துச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மார்புக்கும் இடுப்புக்கும் பெயர் உண்டு, அசைவு இல்லை. பல நூல்கள் இருக்க, பள்ளிப் பெண்களுக்கு மனப்பாடம் செய்ய இந்த நூல் வசதியாகிப்போனதைத் தற்செயல் என்று நம்ப எனக்கு முடியவில்லை. 1930களில் 'கௌரவமான' வீட்டுப் பெண்களை மேடையேற்ற வேண்டியிருந்தது. இடுப்பும் மார்பும் இல்லாத இலக்கணம் ஒன்று தேவைப்பட்டது. கிடைத்தது.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு மறுப்பு வரும். 'அப்படியானால் தேவதாசி முறையே நல்லது என்கிறாயா?' இல்லை. மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ராமாமிர்தம் அம்மையார் அந்த முறைக்குள்ளிருந்து வெளியேறி, அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசி, 1936இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலையும் எழுதினார். அவர் சொன்னது சரி. மிராசுதாரின் பணத்தில் தொங்கிய வாழ்க்கையைக் கலையின் பெயரால் யாரும் புனிதப்படுத்த வேண்டாம். ஆனால் அவர் கேட்டது பெண்ணின் விடுதலையை. நடந்தது வேறு. 1936இல் கலாக்ஷேத்ரா தொடங்கியது. 1947இல் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. ஆட்டத்துக்கு மேடையும் நிறுவனமும் கிடைத்தன. நட்டுவனார்களில் பலருக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆடிய பெண்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது மௌனம். ருக்மிணி தேவிக்கும் பாலசரஸ்வதிக்கும் அபிநயம் சொல்லித்தந்த மயிலாப்பூர் கௌரி அம்மாள் கடைசிக் காலத்தில் வறுமையில் வாழ்ந்தார். அசைவு காப்பாற்றப்பட்டது. அசைத்தவளைக் காப்பாற்ற யாருக்கும் அவசரம் இருக்கவில்லை.

கோட்பாடு இந்த வேலையில் எப்படிக் கூட்டு சேர்ந்தது என்று பார்க்க வேண்டுமானால் சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' படத்தைப் பாருங்கள். தஞ்சை மரபில் வந்த பாலசரஸ்வதிக்கு அப்போது 60 வயதை நெருங்குகிறது. கடற்கரையில் காற்று சேலையை இழுக்க அவர் ஆடுகிறார். இன்றைய தேர்வாளரின் அளவுகோலை அங்கே வைத்துப் பாருங்கள். அரைமண்டி போதாது, கோடு சுத்தமாக இல்லை என்று மதிப்பெண் குறையும். ஆனால் அவர் பாடிக்கொண்டே ஆடத் தெரிந்தவர். விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, அவரும் சதிரைப் பாடிக்கொண்டே ஆடுகிறவர். பாடுகிற உடம்புக்கு மூச்சு வேண்டும். மூச்சு வேண்டுமென்றால் உட்காரும் ஆழம், உடலின் சாய்வு, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் விடும் இளைப்பாறல், எல்லாம் மாறும். குரலைப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் பாடகரிடம் கொடுத்துவிட்டு, ஊமையாக்கிய உடம்பின் வடிவியலை அளவாக வைத்துக்கொண்டு, பாடிய உடம்பைத் 'தளர்வு' என்பது என்ன ஆய்வு? 9, 8, 4, 28 என்று எண்ணும் பட்டியலில் மூச்சுக்கு எண் எங்கே?

நம்மிடம் வேறு கோட்பாடு இல்லையா? இருக்கிறது. அதை யாரும் கோட்பாடு என்று அழைப்பதில்லை, அவ்வளவுதான். அடவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: தட்டடவு, நாட்டடவு, குதித்துமெட்டு, சறுக்கல், மண்டி. தட்டுவது, நாட்டுவது, குதித்து மெட்டுவது, சறுக்குவது, மண்டியிடுவது எல்லாம் வினைகள். பாதம் தரையோடு என்ன செய்கிறது, எடை எங்கே இறங்குகிறது என்பதை வைத்து அசைவைப் பகுத்த முறை இது. நாட்டுதல் என்றால் ஊன்றுதல். குதிகால் ஊன்றுகிறது, பெயரும் அதையே சொல்கிறது. சுலோகம் உடம்பை உறுப்புகளாகப் பிரித்து வடிவத்தைச் சொல்கிறது. அடவு எடையையும் காலத்தையும் சேர்த்துச் சொல்கிறது. தட்டுக்கழியும் சொற்கட்டும் அதன் எழுத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் சரபோஜியின் தஞ்சை அரசவையில் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்கள் கச்சேரி வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். அலாரிப்பிலிருந்து தில்லானா வரை இன்று நாம் ஆடுவது அந்த வரிசைதான். நால்வரின் பெயரை எல்லா மாணவியும் ஒப்பிப்பாள். அவர்கள் கோத்ததை முதலில் ஆடிக் காட்டிய ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லும்படி எந்த வினாத்தாள் கேட்டிருக்கிறது? ஒரு ஜதி கோக்கப்படுவது காகிதத்தில் நடப்பதில்லை. ஒருத்தியின் காலில் அது உட்கார வேண்டும். உட்காராவிட்டால் மாற்ற வேண்டும். உட்காரவில்லை என்று சொன்ன அந்தக் காலும் இலக்கணம் எழுதியிருக்கிறது.

வெளிநாட்டுக் கோட்பாடுகளைக் கொண்டுவந்தால் இந்தக் குறை தீரும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கல்லூரியில் அவற்றைக் கற்பிக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், அவற்றையும் கேள்வி கேட்காமல் விடக்கூடாது. ருடால்ஃப் லாபான் 1928இல் அசைவை எழுதிவைக்க ஒரு குறியீட்டு முறையை வெளியிட்டார். ஜெர்மனியில் நாஜி அரசின் பிரச்சார அமைச்சகத்தின் கீழ் வேலை செய்தார். 1936இல் ஒலிம்பிக்ஸுக்காக அவர் அமைத்த நிகழ்ச்சி தடைசெய்யப்பட்டது; பிறகு இங்கிலாந்துக்குப் போனார். போர்க்காலத்தில் அங்கே எஃப்.சி. லாரன்ஸ் என்பவரோடு தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்களின் அசைவை ஆராய்ந்து 1947இல் 'எஃபர்ட்' என்ற நூலை வெளியிட்டார். எடை, காலம், வெளி, ஓட்டம் என்ற நான்கு கூறுகளை வைத்து ஓர் அசைவின் முயற்சியை அளப்பது அவர் வழி. எனக்கு இதில் பிடித்த செய்தி இதுதான்: நடன அசைவை அளக்க உலகமெங்கும் பயன்படும் இந்த முறை, பாரம் தூக்கிய, பொறி இயக்கிய உழைப்பாளிகளைப் பார்த்துக் கூர்மையானது. எனக்குப் பிடிக்காத செய்தியும் அதில்தான் இருக்கிறது. அந்த ஆய்வு உற்பத்தியைக் கூட்டுவதற்காக நடந்தது. அளப்பவர் யாருக்காக அளக்கிறார் என்ற கேள்வி லாபானின் நான்கு கூறுகளில் இல்லை.

அடுத்து 1960களில் ஆலன் லோமாக்ஸ், லாபானின் மாணவி இர்ம்கார்ட் பார்டெனீஃப் முதலியோர் ஒரு பெரிய கருத்தைச் சொன்னார்கள். ஒரு சமூகம் எப்படி உழைக்கிறதோ அந்த உடல்நிலைகளை அதன் நடனம் எடுத்து வலுப்படுத்துகிறது என்பது அந்தக் கருத்து. பல நாட்டுப் படங்களை ஒப்பிட்டுச் சொன்னார்கள். கேட்க அழகாக இருக்கிறது. காவிரிப் படுகையில் வைத்துப் பார்த்தால் உடைந்துவிடுகிறது. இங்கே உழைப்பின் உடம்பு குனிந்த உடம்பு. செவ்வியல் என்று பெயர் பெற்ற ஆட்டத்தின் உடம்பு நிமிர்ந்த முதுகு. இரண்டுக்கும் நடுவில் சாதி நிற்கிறது. 'ஒரு சமூகம்' என்று லோமாக்ஸ் சொன்னது இங்கே ஊர் என்றும் சேரி என்றும் வெட்டுப்பட்டுக் கிடந்தது. நட்டவள் ஆடவில்லையா என்றால் ஆடினாள். கும்மி கொட்டினாள், சாவு வீட்டில் மாரடித்தாள், பறைக்கு ஆடினாள். அதை யாரும் கரணத்தோடு சேர்த்து எண்ணவில்லை.

அமெரிக்கப் பெண்ணியவாதி ஐரிஸ் மரியன் யங் 1980இல் எழுதிய 'பெண்ணைப் போல எறிதல்' என்ற கட்டுரையை என் மாணவிகள் விரும்பிப் படிக்கிறார்கள். பெண் பந்தை எறியும்போது முழு உடம்பையும் பயன்படுத்தாமல் கையை மட்டும் நீட்டுகிறாள்; அவளைச் சுற்றியுள்ள வெளி அவளுக்குச் சொந்தமில்லை என்று வளர்த்திருக்கிறார்கள்; 'என்னால் முடியும்' என்பதும் 'என்னால் முடியாது' என்பதும் ஒரே உடம்பில் மோதுகின்றன என்கிறார் யங். பேருந்தில் கால்களை ஒடுக்கி உட்கார்ந்து வந்த ஒவ்வொருத்திக்கும் இது புரியும். ஆனால் நெல் மூட்டையைத் தலையில் ஏற்றி வரப்பில் நடப்பவளிடம் 'என்னால் முடியாது' கிடையாது. அவள் உடம்பு ஒடுங்கும் இடம் வேறு. மிராசுதார் எதிரே வந்தால் அவள் வரப்பிலிருந்து சேற்றில் இறங்கி நிற்பாள். பெண் என்பதால் மட்டும் ஒடுங்கிய உடம்பையும், சாதியால் ஒடுக்கப்பட்ட பெண்ணுடம்பையும் ஒரே அசைவாக எழுதும் கோட்பாடு பாதியைத்தான் பார்த்திருக்கிறது.

எங்கள் தெருவிலிருந்து சலங்கை கட்டிய முதல் பெண் நான். வகுப்பில் ஒரு நாள் அரைமண்டியில் என் முதுகு முன்னால் சாய்ந்தது. 'நாத்து நடுறவளாட்டம் குனியாதேடி' என்றார் சொல்லித்தந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். அது சம்பா நடவுக் காலம். அந்த வாரம் என் அம்மா திருவையாற்றுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வயலில் நட்டுக்கொண்டிருந்தார். அவமானத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அந்த வாக்கியத்தை ஓர் அசைவு ஆய்வாக எடுத்துக்கொண்டு பார்க்கிறேன். நடுகிறவள் என்ன செய்கிறாள்? இடுப்பிலிருந்து மடிகிறாள். இடது கையில் நாற்று முடி. வலது கை விரல்கள் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, பெருவிரலோடு சேற்றில் ஊன்றி, வெளியே வருகின்றன. பார்வை கீழே, நடை பின்னோக்கி. வரிசையில் ஒருத்தி பிந்தினால் வரிசை கோணும், அதனால் பக்கத்தில் இருப்பவளின் காலத்தை உடம்பு ஓரக்கண்ணால் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பாட்டு வருவது அதற்காகவும்தான். லாபானின் நான்கு கூறும் இதில் உண்டு. நாட்டடவு கேட்கும் ஊன்றலும் உண்டு. நடவிலிருந்து அடவு பிறந்தது என்று நான் கதை கட்டவில்லை. இது திறமை, இதைத் திறமை என்று எழுத ஒரு சொல்கூட நம் கோட்பாட்டில் இல்லை, திட்டுவதற்கு மட்டும் பயன்படுகிறது என்கிறேன். அம்மா இதற்கு ஒரு கோட்பாடு வைத்திருந்தார்: "நிமிந்து நிமிந்து பாத்தா கூலி போயிடும், குனிஞ்சே கெடந்தா இடுப்பு போயிடும்." அசைவையும் கூலியையும் ஒரே வாக்கியத்தில் வைத்த ஆய்வாளரை நான் புத்தகங்களில் அதிகம் பார்த்ததில்லை.

முதுகு நிமிர்வது இந்த மண்ணில் அழகியல் சமாச்சாரம் மட்டும் கிடையாது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக பி. சீனிவாச ராவும் செங்கொடி இயக்கமும் பண்ணையாட்களைத் திரட்டியபோது, முதலில் மாறியது நிற்கும் விதம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். நிமிர்ந்ததற்கான விலை அது. நேரான முதுகெலும்பு பரதத்தின் அடிப்படை என்று வகுப்பில் சொல்லும்போது, யாருக்கு அது பயிற்சி, யாருக்கு அது உயிர்ப்பணயம் என்பதையும் சேர்த்துச் சொல்லாத ஆசிரியர் அசைவைப் பற்றி அரைகுறையாகவே சொல்கிறார்.

இப்போது அந்த வெளிச்சுவருக்குத் திரும்பிப் போய் ஒரு கணக்குப் போடுங்கள். 400 பெண்கள், ஆளுக்கு 100 கலம். ஆண்டுக்கு 40,000 கலம் நெல். அதை விதைத்தவள், நட்டவள், அறுத்தவள், தூற்றியவள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. எடுத்தபாதத்துக்காவது ஒரு வரி கிடைத்தது. அவள் பாதம் உயர வேண்டுமென்று சேற்றில் பாதம் வைத்தவளுக்கு அதுவும் இல்லை. நாட்டியத்தின் அசைவை முழுதாக ஆராய்வது என்றால் இந்த இரண்டு பெண்களும் உள்ளே வர வேண்டும்.

'கோட்பாடு பொதுவானது, ஆளைப் பார்க்காது' என்பார்கள். ஆளைப் பார்க்காத கோட்பாடு எப்போதும் ஒரே ஆளின் உடம்பைத்தான் பொதுவாக்கும்: இளமையான, ஒல்லியான, வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருக்கிற, மாதவிலக்கு வராதது போல் நடிக்கத் தெரிந்த உடம்பை. சுலோகத்தை எரிக்கச் சொல்லவில்லை. 28 முத்திரையையும் படியுங்கள். லாபானையும் படியுங்கள். அதோடு ஒவ்வோர் அசைவிடமும் நான்கு கேள்வி கேளுங்கள். எடை எங்கே இறங்குகிறது? மூச்சு எங்கே வாங்குகிறது? இப்படி அசைய இவளுக்கு யார் அனுமதி தந்தது, யாருக்கு மறுத்தது? இதற்கு யார், யாருக்கு, என்ன கூலி கொடுத்தார்கள்?

என் வகுப்பில் இந்த ஆண்டு தந்திருக்கும் பயிற்சியை உங்களுக்கும் தருகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஓர் அடவை எடுத்துக்கொள்ளுங்கள். அதை உங்களுக்குச் சொல்லித்தந்தவர் பெயரை எழுதுங்கள். அவருக்குச் சொல்லித்தந்தவர் யார், அவருக்கு யார் என்று பின்னால் போய்க்கொண்டே இருங்கள். நட்டுவனார் பெயரோடு நிறுத்தாமல், அவர் யாருடைய காலில் அதைப் பார்த்தார் என்று கேளுங்கள். ஓரிடத்தில் சங்கிலி அறும். பெரும்பாலும் அது ஒரு பெண்ணிடம் அறும். அந்த இடத்தில் 'தகவல் இல்லை' என்று எழுதி மூடிவிடாதீர்கள். யார் அழித்தார்கள், எந்த ஆண்டில், எந்தப் பாடத்திட்டத்தின் பெயரால் என்று எழுதத் தொடங்குங்கள். நம்முடைய உடலசைவுக் கோட்பாட்டின் முதல் அத்தியாயம் அதுதான்.